அடைக்கலப் பொருள்கள்

அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக உத்தியோகம் பார்ப்பவனுக்குச் சத்துருக்கள் புதியவர்கள் அல்லர். ராமபாணப் பூச்சி, பூஞ்சணம், ஈரம், வெயில், மேலிடத்தின் சிக்கனம் ஆகிய இவற்றோடு போராடியே அவனுடைய ஆயுள் கழிகிறது. தீயும் வெள்ளமும் பூகம்பமும் யுத்தமும் நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் பாடநூல்களில் தனித்தனி அத்தியாயங்கள் இருந்தன. ஆனால், பொருள்கள் யாவும் அலமாரிகளில் ஒரு கீறலும் படாமல் வரிசையாக அமர்ந்திருக்க, அவற்றைக் கொடுத்தவர்களும், அவற்றின் உபயோகம் அறிந்தவர்களும், அவற்றைப் பார்க்க வருகிறவர்களும் ஒரே நாளில் ஊரைவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்ற அத்தியாயம் நாங்கள் படித்த எந்த நூலிலும் இல்லை. ஜப்பானின் வடகிழக்கே புகுஷிமா மாகாணத்தில் இத்தொழிலைச் செய்துவந்த எங்களுக்கு, அந்த அத்தியாயத்தை அனுபவத்தினால் எழுத வேண்டி நேர்ந்தது.

எங்கள் மாகாணத்தின் கீழ்க்கரை, அபுகுமா மலைத்தொடருக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சமவெளி. ஹாமாதோரி என்று அதற்குப் பெயர். 1971-ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து டோக்கியோவுக்கு மின்சாரம் அனுப்பிய அணு உலைகளைக் கொண்டே இன்று உலகம் அந்தப் பிரதேசத்தை அறிகிறது. ஆயினும் அந்த மண்ணின் சரித்திரத்தில் உலைகளின் காலம் கடைசிப் பக்கத்தின் சில வரிகள்தாம். ஜோமோன் காலத்து மட்பாண்டங்களும் கிளிஞ்சல் மேடுகளும், ஏழாம் நூற்றாண்டில் குன்றைக் குடைந்து சமைத்த கல்லறைகளும், குதிரைகளைப் போற்றிய சோமா பிரபுக்களின் ஆட்சியும், கோடையில் வயலிலும் இலையுதிர் காலத்தில் ஆற்றிலும் உழைத்த குடியானவர்களின் வாழ்வும் அடுக்கடுக்காகப் படிந்த பூமி அது. தொமியோகா, ஓகுமா, புதாபா என்னும் மூன்று சிற்றூர்களிலும் அந்தச் சரித்திரத்தைச் சொல்லச் சிறிய அருங்காட்சியகங்கள் இருந்தன. தலைநகரத்து அருங்காட்சியகங்களைப்போல விலை கொடுத்து வாங்கிய பொக்கிஷங்கள் அவற்றில் இல்லை. வீட்டைப் புதுப்பிக்கும்போது பரணிலிருந்து இறங்கிய கலப்பையையும், மாமியார் நெய்த துணியையும், தாத்தாவின் கணக்குப் புத்தகத்தையும், 'எறிய மனம் வரவில்லை' என்று சொல்லி ஜனங்கள் கொண்டுவந்து ஒப்படைத்த பொருள்களே அவற்றின் செல்வம்.

2011 மார்ச் 11-ஆம் தேதி பிற்பகல் 2.46-க்கு உந்தத்திறன் அளவில் 9.0 என்று கணக்கிடப்பட்ட பூகம்பம் நிகழ்ந்ததும், அதன் பின்னே சுனாமி எழுந்து அணு மின் நிலையத்துக்குள் புகுந்ததும், மறுநாளே 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருந்த அத்தனை பேரும் வெளியேற உத்தரவானதும் யாவரும் அறிந்தவை. தொமியோகாவில் ஏறக்குறைய 16,000 பேர், ஓகுமாவில் 11,000 பேர், புதாபாவில் 7,000 பேர், சற்று வடக்கே நமியே நகரில் 21,000 பேர். பெரும்பாலோர் இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் உடுத்த துணியோடு கிளம்பினார்கள். ஏப்ரல் 22-ஆம் தேதி அந்தப் பிரதேசம் சட்டப்படி அடைக்கப்பட்டது. மே மாதத்திலிருந்து, வீட்டுக்கு ஒருவராகப் பேருந்தில் அழைத்துச் சென்று, இரண்டு மணி நேரம் மட்டும் தங்கவிட்டு, 70 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் பை ஒன்றில் கொள்ளுமளவுக்குச் சாமான்களை எடுத்துவர அனுமதித்தார்கள். அந்தப் பைகளில் அநேகர் வைத்துக்கொண்டு வந்தவை முன்னோரின் நாமம் பொறித்த வழிபாட்டுப் பலகைகளும், குடும்பப் புகைப்படங்களும், வீட்டுப் பத்திரங்களுமே. பாரம்பரியம் என்பதற்கு எங்கள் சட்டப் புத்தகத்திலுள்ள விளக்கத்தைவிட அந்தப் பையின் விளக்கம் தெளிவானது என்று எனக்கு அப்போதே தோன்றிற்று.

மற்றக் கரையோர மாகாணங்களில் சுனாமியில் நனைந்த கலைப்பொருள்களை மீட்கும் பணியைக் கலாசார இலாகா 2011 வசந்தத்திலேயே துவக்கிவிட்டது. எங்கள் மூன்று ஊர்களுக்கோ ஓராண்டுக்கு மேல் எவரும் போக இயலவில்லை. உள்ளே மின்சாரம் இல்லை. ஆகையால் சேமிப்பறைகளின் குளிர்சாதனமும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் நின்றுவிட்டன. ஒரு கோடை முழுவதும் அடைத்த அறையில் பூஞ்சணம் என்ன செய்யும் என்பதைத் தொழில் தெரிந்தவன் மனக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல் கொடுமை வேறில்லை. 2012 மே மாதத்தில் மாகாணத்தில் மீட்புத் தலைமையகம் ஒன்று அமைந்து, அந்தக் கோடையிலிருந்துதான் நாங்கள் உள்ளே செல்லத் தொடங்கினோம்.

முதலில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது தூசியைப் பற்றிய பாடம். உலையிலிருந்து காற்றில் வந்து படிந்தவற்றுள் நெடுங்காலம் நிலைப்பது சீசியம். அதில் 134 என்ற எண்ணுடையதன் அரை ஆயுள் இரண்டு ஆண்டு, 137 என்ற எண்ணுடையதன் அரை ஆயுள் முப்பது ஆண்டு. அது களிமண் துகளையும் நுண்ணிய தூசியையும் இறுகப் பற்றிக்கொள்ளும் குணமுடையது. எனவே ஒரு பானையோ பலகையோ கதிரியக்கம் உள்ளதாகக் காட்டினால், பெரும்பாலும் குற்றவாளி அந்தப் பொருளன்று, அதன்மேல் அமர்ந்த தூசியே. கதவு ஜன்னல் அடைத்த கான்கிரீட் சேமிப்பறைக்குள் தூசி புகுந்தது சொற்பம். வாசற்படிக்கு வெளியே புல் மண்டிய முற்றத்தில் அடித்துக்கொள்ளும் கதிரளவுக் கருவி, உள்ளே அலமாரியின் முன் அடங்கிவிடும். சுவர் எங்களை ரட்சித்தது. அதைவிட, எங்களுக்கு முன் அந்தப் பதவியிலிருந்தவர்கள் கதவைச் சரியாகச் சாத்திவைத்த ஒழுங்கு பொருள்களை ரட்சித்தது.

வேலை நடந்த விதம் இது. வெள்ளைப் பாதுகாப்பு உடை, முகமூடி, இரட்டைக் கையுறை, மார்பில் டோசிமீட்டர் ஆகியவற்றோடு சோதனைச் சாவடியைக் கடந்து உள்ளே செல்வோம். தங்கும் நேரம் கணக்கிடப்பட்டது. ஆகவே எதை யார் எடுப்பது, எந்தப் பெட்டியில் வைப்பது என்பதெல்லாம் முதல் நாளே காகிதத்தில் முடிவாகிவிடும். சாவகாசமாகக் கையாள்வதே பண்பு என்று வாழ்நாளெல்லாம் போதிக்கப்பட்ட கைகள் விரைவாகக் கையாளக் கற்றன. ஒவ்வொரு பொருளையும் மேசைமேல் வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் உறையிட்ட கெய்கர் கருவியின் முகத்தை அதன்மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நிறுத்தி, முள் நிலைக்கும்வரை பொறுத்து, பிறகு மெதுவாக நகர்த்தி, எண்ணைச் சொல்ல மற்றொருவர் எழுதுவார். வெளியேறும் மனிதர்களுக்கும் சாமான்களுக்கும் பொதுவாக வகுத்த வரம்பு நிமிஷத்துக்கு 13,000 எண்ணிக்கை. எங்கள் பொருள்களுக்கு அதைவிட மிகக் கடுமையான வரம்பை நாங்களே விதித்துக்கொண்டோம். வெளியூரில் எந்தக் காப்பாட்சியரும் எந்தப் பார்வையாளரும் அச்சமின்றி அவற்றின் அருகே நிற்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

ஒரு முறத்தைப் பற்றிச் சொல்கிறேன். மூங்கில் பிளாச்சுகளால் பின்னியது. விளிம்பு ஓரிடத்தில் அறுந்து, நீல நிற நூற்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தது. வழவழப்பான பானையில் முள் அசையாது; ஆனால் இந்த முறத்தின் மேல் கருவியைக் கொண்டுபோனபோது, பின்னலின் மேல் சற்றும், அந்த நீலக் கயிற்று முடிச்சின் மேல் சற்று அதிகமாகவும் ஒலி எழுந்தது. தூசி தங்குமிடம் அதுதான். ஈரத்துணியால் துடைக்கலாகாது, ஈரம் தூசியைப் பின்னலுக்குள்ளே ஓட்டிவிடும். நுண் வடிகட்டி பொருத்திய வாக்குவம் கிளீனரின் வாயை அருகே பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் ஒவ்வொரு பிளாச்சாகத் தட்டி எடுக்க வேண்டும். முடிச்சை வெட்டி எறிந்துவிட்டால் வேலை சுலபமாக முடியும் என்று கூட வந்தவர்களில் ஒருவர் சொன்னார். பிற்காலத்துக் கயிறுதானே, மூலப்பொருளின் பகுதியன்றே என்பது அவருடைய வாதம். வெட்டவில்லை. மரக்குச்சியால் புரிபுரியாக நெகிழ்த்திச் சுத்தம் செய்து, முள் அடங்கியபின் பெட்டியில் வைத்தோம். பதிவேட்டில் அதற்கு எதிரே 'முறம், விவசாயக் கருவி, நன்கொடை' என்ற குறிப்பே இருந்தது.

இவ்வாறு வெளியே வந்தவை, வடக்கே சோமா நகரில் மூடப்பட்டிருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறைகளில் முதலில் தங்கின. அங்கே புகைப்படம் எடுத்து, மறுபடி அளந்து, சீட்டுக் கட்டி, பின்னர் உள்நாட்டில் ஷிராகாவா நகரிலுள்ள மாகாணத் தொல்பொருள் நிலையமான 'மஹோரோன்' வளாகத்துக்கு அனுப்பினோம். கலப்பையும் வைக்கோல் மேலங்கியும் மட்பாண்டமும் பாடம் செய்த பறவையும் ஒரே அறையில் பெட்டிகளாக அடுக்கப்பட்டபோது, எங்கள் வேலை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கோ பாதி வேலை அப்போதுதான் தொடங்கிற்று என்ற அபிப்பிராயம் உண்டாயிற்று. பொருள்கள் சொந்த ஊரில் இருந்தவரையில் பதிவேட்டுக் குறிப்புகள் சுருக்கமாக இருந்ததில் குறையில்லை. சந்தேகம் வந்தால் எதிர் வீட்டுக் கிழவரைக் கேட்டுக்கொள்ளலாம். கிழவர் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்ட பிறகு, பதிவேட்டின் அரைவரி, அரைவரியாகவே நின்றுவிட்டது.

ஆகவே புகைப்படங்களை எடுத்துக்கொண்டு, ஜனங்கள் சிதறியிருந்த தற்காலிகக் குடியிருப்புகளுக்குச் சென்றோம். ஓகுமாவாசிகளில் பலர், பனி விழுவதே அபூர்வமான கடற்கரையிலிருந்து, பனி மலைபோல் குவியும் ஐஸுவாகாமாட்ஸு நகருக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். அங்கே பொதுக்கூடத்தில் அடுப்பைச் சுற்றி அமர்ந்திருந்த பெண்களிடையே படங்களைப் பரப்பிவைத்தபோது, ஒரு பாட்டி அந்த முறத்தின் படத்தைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நெடுநேரம் பார்த்தார்.

"இந்த முடிச்சைப் போட்டவர் வலை கட்டுகிறவர், ஐயா," என்றார். "வயல் வேலைக்காரன் இப்படி முடியமாட்டான். எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்ததும் ஆண்கள் ஆற்றுக்குப் போய்விடுவார்கள். சால்மன் ஏறுகிற பருவம் அல்லவா? வலை தைத்து மிஞ்சிய கயிற்றால் வீட்டுச் சாமானையெல்லாம் அவர்களே கட்டிக் கொடுப்பார்கள். என் மாமனாரும் இப்படித்தான் செய்வார்."

அதன்பின் மற்றவர்களும் பேச்சில் கலந்துகொண்டார்கள். எந்த வீட்டில் எப்போது வலை போட்டார்கள், முதல் மீனை எந்தக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள், மீன் முட்டையை எப்படிப் பக்குவம் செய்தார்கள் என்று அந்தப் பிற்பகல் முழுவதும் ஓர் ஊர் அந்தக் கூடத்தில் கூடியிருந்தது. விவசாயக் கருவி என்று எழுதியிருந்த பொருள், வயலுக்கும் ஆற்றுக்குமாக இரட்டை வாழ்வு வாழ்ந்த ஒரு சமூகத்தின் சாட்சியம் ஆயிற்று. அந்தச் சாட்சியம் முழுவதும் தங்கியிருந்தது, தூசிக்காக நாங்கள் வெட்டியிருக்கக்கூடிய அந்த முடிச்சில். நாங்கள் காப்பாற்ற வேண்டியது பொருளை மட்டுமன்று, அது யாருடையது, எங்கே இருந்தது, எதற்காக இருந்தது என்னும் அதன் சம்பந்தங்களையும்தான். சீசியத்தின் அரை ஆயுள் முப்பது ஆண்டென்றால், எண்பது வயதுப் பாட்டியின் ஞாபகத்துக்கு அத்தனை அவகாசம் இல்லை.

இதை எங்களுக்கு முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 1986-இல் செர்னோபில் விபத்துக்குப் பின் காலிசெய்யப்பட்ட உக்ரேனியப் போலேசியாவில், இனவியல் அறிஞர்கள் ஆண்டுக்கு ஆண்டு பயணம் சென்று, நெசவுத் துணிகளையும், மரத்தைக் குடைந்த தேன்கூடுகளையும் படகுகளையும் சேகரித்ததோடு, இடம் பெயர்ந்த குடியானவர்களின் பாட்டையும் வழக்கையும் பதிவு செய்தார்கள்; அந்நாட்டின் பெருங்கவிஞரான லீனா கோஸ்தென்கோ அம்மையாரும் அப்பயணங்களில் பங்கு கொண்டவர்.

2014-ஆம் ஆண்டளவில் எங்கள் தொழில் வேறொரு திசையில் திரும்பிற்று. ஐஸுவாகாமாட்ஸுவிலுள்ள மாகாண அருங்காட்சியகமும், தொமியோகா நகராட்சி ஊழியர்களும், விபத்தையே சரித்திரமாகக் கருதி அதன் தடயங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். மார்ச் 12-ஆம் தேதியிட்டு அச்சாகி வந்து, விநியோகிக்க ஆளின்றிக் கட்டுக்கட்டாய்க் கடையிலேயே கிடந்த செய்தித்தாள்கள். நகராட்சி அவசர அவசரமாக அமைத்த அவசரகாலக் காரியாலயத்தின் எழுதுபலகை. கரையோர மக்களை மேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த இரண்டு காவலர்களோடு சுனாமி அடித்துச் சென்ற ரோந்துக் கார். நசுங்கி உருக்குலைந்த அந்தக் காரைப் பார்த்தவர்களுக்கு அது இரும்புத் துண்டு. அந்தக் காவலர்களால் உயிர் தப்பியவர்களுக்கோ அது வணக்கத்துக்குரியது.

இங்கே எங்கள் பழைய பாடம் தலைகீழாயிற்று. சேமிப்பறையில் தூசியை எதிரியாகக் கண்டு ஒவ்வொரு துகளாகத் துரத்தியவர்கள் நாங்கள். காரிலிருந்த சேறோ, நிகழ்ந்ததற்குப் பிரத்தியட்ச சாட்சி. அதைக் கழுவிவிட்டால் எஞ்சுவது வெறும் பழைய வண்டி. அதே சமயம் சேற்றிலுள்ள உப்பு இரும்பைத் தின்றுவிடும். விட்டுவைத்தால் வண்டியே மிஞ்சாது. எது அழுக்கு, எது சாட்சியம், எவ்வளவு நீக்குவது, எவ்வளவு நிறுத்துவது என்பதைப் பொருளுக்குப் பொருள் உட்கார்ந்து விவாதித்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அணுசக்தியே ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல் என்று பொருள்படும் வாசகத்தைத் தாங்கிப் புதாபாவின் சாலைக்குக் குறுக்கே நின்ற பெரிய பலகை இந்த விவாதத்தைத் தெருவுக்கே கொண்டுவந்தது. அந்த வாசகம் 1980-களின் இறுதியில் ஒரு பள்ளிச் சிறுவன் எழுதிப் பரிசு பெற்றது. பழுதடைந்துவிட்டது என்று காரணம் சொல்லி 2015 டிசம்பரில் அதை இறக்கியபோது, அதை எழுதிய சிறுவனே, வளர்ந்த மனிதராக வந்து, இறக்கக்கூடாது, பிழையான எண்ணத்துக்கும் சாட்சி வேண்டும் என்று வாதாடினார். பலகை அழிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்டது. வெட்கத்தைத் தரும் பொருளைக் காப்பது பெருமையைத் தரும் பொருளைக் காப்பதைவிட நேர்மையான காரியம் என்பது என் கட்சி.

பெட்டியில் அடைக்க முடியாதவையும் இருந்தன. புதாபாவில் கியோதோசாகு என்னும் இடத்தில், 1967-இல் பள்ளிக் கட்டட வேலையின்போது வெளிப்பட்ட குடைவரைக் கல்லறையின் உட்சுவரில், செங்காவியால் தீட்டிய பெரியதொரு சுருள் வடிவமும், மனிதர், குதிரை, மான் முதலிய உருவங்களும் உள்ளன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாக அந்த வர்ணத்தைக் காத்தது பாறைக்குள் மாறாதிருந்த ஈரப்பதம். அதைப் பெயர்ப்பது அதை அழிப்பதாகும். வேர் இறங்குகிறதா, நீர் கசிகிறதா என்று பார்த்துவிட்டுக் கதவை மறுபடி சாத்துவதுதான் காப்பாட்சியரின் கடமை. நமியேயின் ஓபோரி மட்பாண்டக் குயவர்களோ வேறொரு கஷ்டத்தில் இருந்தார்கள். வெடிப்பு வெடிப்பாகப் பச்சை மெருகு படர, உட்சுவர் வெளிச்சுவர் என்று இரட்டை அடுக்காக, ஓடும் குதிரையின் சித்திரத்தோடு, முந்நூறு ஆண்டுப் பாரம்பரியத்தில் செய்துவந்த கிண்ணங்கள் அவர்களுடையவை. அந்தப் பச்சைக்கு மூலமான கல் உள்ளூர் மலையில் இருந்தது, மலை அடைபட்டுவிட்டது. மாகாணத் தொழில்நுட்ப நிலையத்தினர் வேறு மூலப்பொருள்களைச் சேர்த்து அந்த மெருகை மறுபடி உண்டாக்கிக் கொடுக்க, 2012-இல் நிஹோன்மாட்ஸு நகரில் சூளை மூட்டினார்கள். பழைய கிண்ணத்தையும் புதிய கிண்ணத்தையும் கையிலேந்திப் பார்த்த எனக்கு, எது அசல் என்ற கேள்வி அர்த்தமற்றதாகத் தோன்றிற்று. செய்தவர் கை ஒன்றே.

நமியேயின் கடற்கரைக் கிராமமான உகேதோவில், சிறுமிகள் ஆடும் நாற்று நடவு நடனம் ஒன்று உண்டு. கோயிலையும் கிராமத்தையும் ஆடை அணிகளையும் சுனாமி கொண்டுபோக, எஞ்சிய குழந்தைகள் பல மாகாணங்களில் சிதறிவிட்டார்கள். எனினும் 2011 ஆகஸ்டிலேயே, ஆடையைப் புதிதாகத் தைத்து, இவாகி நகரில் அவர்கள் கூடி ஆடினார்கள். வீடும் வயலும் இல்லாத ஊருக்கு அந்த நடனமே ஊராயிற்று. கோயில் மறுபடி எழும்பியது 2024-இல்தான். அதுவரை பதின்மூன்று ஆண்டு அந்த ஊரைக் காத்த காப்பாட்சியர்கள் அந்தச் சிறுமிகளே என்பேன்.

இப்போது எங்களைத் துரத்துவது கதிரியக்கமன்று, புல்டோசர். மக்கள் திரும்ப அனுமதி கிடைத்த பகுதிகளிலே பழுதான வீடுகளை அரசாங்கச் செலவில் இடித்துத் தருகிறார்கள். எலியும் மழையும் பாழாக்கிய வீட்டைப் பார்க்கச் சகியாமல் ஜனங்களும் சம்மதிக்கிறார்கள். இடிப்பதற்கு முதல் வாரத்தில் அந்த வீட்டுப் பரணை ஏறிப் பார்க்க எங்களுக்கு அவகாசம் தேவை. அங்கேதான் நிலக் கணக்கும், கடிதக் கட்டும், கிராமக் கூட்டத்தின் தீர்மான ஏடும் இருக்கும். ஓகுமா, புதாபா ஆகிய இரண்டு ஊர்களிலும் சேர்ந்து 1,600 ஹெக்டேர் பரப்பு, மாகாணமெங்கும் சுரண்டி எடுத்த மண்ணின் இடைக்காலக் கிடங்காகிவிட்டது. 2045-க்குள் அம்மண் மாகாணத்துக்கு வெளியே அகற்றப்படும் என்பது சட்டம். அதுவரை அங்கே வீதிகளின் பெயரும் வரப்பின் வளைவும் எங்கள் வரைபடத்திலும் வாக்குமூலங்களிலும்தான் வாழவேண்டும்.

2021 ஜூலையில் தொமியோகாவில் ஆவண அருங்காட்சியகம் திறந்தது. அந்த ரோந்துக் கார் அங்கே, ஊரின் நெடிய சரித்திரத்தின் நடுவே நிற்கிறது. புதாபாவில் மக்கள் மறுபடி குடியேற அனுமதி 2022 ஆகஸ்டில்தான் வந்தது, திரும்பியவர்கள் சிலரே. மக்களே திரும்பாத ஊருக்குப் பொருள்கள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்களிடம் இருப்பவை எங்கள் சொத்து அல்ல, அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டவை. சொந்தக்காரர் கேட்க வரும் நாள் எதுவாயினும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியது வாங்கிக்கொண்டவனின் பொறுப்பு. அதற்காக இத்தொழிலில் புகும் இளைஞர்களுக்கு, அவர்கள் எந்த நாட்டினராயினும், நான் சொல்லக்கூடியது சாதாரணமான யோசனையே. விபத்து வருமுன்பே பதிவேட்டின் பிரதியொன்றை வேறு ஊரில் வைத்திருங்கள். ஒவ்வொரு பொருளுக்கு எதிரிலும் அதைத் தந்த வீட்டையும், செய்தவரையும், பழுது பார்த்தவரையும், அது இருந்த மூலையையும் எழுதுங்கள். எழுதத் தெரியாததைத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அபாயம் வந்தபின் லாரி கிடைக்கும், பெட்டி கிடைக்கும், கருவி கிடைக்கும். கேட்பதற்கு மனிதர் கிடைப்பார் என்பது நிச்சயமில்லை.